வேன் கூரையின் ஏசி குளிராவிட்டால்

ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்துப் பண்டாரவளையில் யன்னலைத் திறந்தாலே போதுமென்றிருந்தவர்கள், எல்ல வழியாக வெல்லவாயவின் வெக்கைக்கு இறங்கியதும் கூரை ஏசியை முடுக்கி, அது வெறுங்காற்றையே வீசக் கண்டு, காஸ் தீர்ந்ததென்று உடனே நிச்சயிப்பது பெரும்பாலும் அவசரமே.

முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து மண்பாதையின் தூசி அதிற் கம்பளிபோற் படிந்து காற்றை மறித்தால், உட்சுருளில் பனிக்கட்டி உறைந்துவிடும். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மாத்திரம் ஓடவிட்டு அதனை உருகச் செய்து (கத்தியாற் சுரண்டுவது மகாபாதகம்!), வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுக. எஞ்சினை நிறுத்தியபின், கூரைச்சுருளின் தகடுகளிடையே சிக்கிய சருகுகளை மென்தூரிகையால் அகற்றுக.

இவ்வளவுக்குப் பின்னும் பனி உறையுமாயின், காஸ் கசிவதாகச் சந்தேகிக்கலாம். கசிவை அடைக்காது காஸ் மாத்திரம் நிரப்ப முன்வரும் மெக்கானிக்கிடம் நமஸ்காரம் சொல்லிப் புறப்படுக.