தோல் வேலை: மண்டிக்காரர் கைக்கு ஒரு பாடம்



கடை வைத்த காலத்தில் நம் கைகளுக்கு ஓயாத வேலை இருந்தது. சணல் கயிறு கட்டுவது, பொட்டலம் மடிப்பது, கோணி ஊசியால் மூட்டை வாய் தைப்பது எல்லாம் நாமே செய்தோம். இன்று பாக்கெட் சரக்கு வந்துவிட்டது. பில் போட இயந்திரம் வந்துவிட்டது. கடையைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்குக் கை சும்மா இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் கற்றுக்கொள்ளத் தக்க ஒரு கைவேலையைப் பற்றியே இக்கட்டுரை. அதுதான் தோல் வேலை. மூட்டை தைத்த கைக்கு இது பாதி தெரிந்த வேலை.

நாம் செய்யலாமா?

முதலில் எழும் கேள்வி இதுதான். நம் வீட்டிலும் எழுந்தது. "இந்த வயசுல செருப்புத் தைக்கவா போறீங்க?" என்று உறவினர் சிரித்தார்கள்.

நம் கொங்கு நாட்டில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தது கவலை. காளை இழுக்க, கிணற்றிலிருந்து நீரை ஏற்றிய தோல் பையைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் மக்கள். அந்தத் தையல் பிரிந்தால் வயல் காயும். ஆனால் அதைத் தைத்தவர் வாசலுக்கு வெளியே நின்றதையும், கூலித் தானியம் எட்டி நின்று கொடுக்கப்பட்டதையும் நாம் சிறு வயதில் பார்த்தோம். அதைத் தவறு என்று அன்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

வணிகர் குலத்தில் பிறந்த காந்தியடிகள் செருப்புத் தைக்கக் கற்றவர். தென்னாப்பிரிக்காவில் 1910இல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, நண்பர் காலன்பாக் ஒரு கிறித்தவ மடத்தில் அத்தொழிலைக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல ஆண்டுகள் அணிந்து, காந்தியடிகளின் 70ஆம் பிறந்தநாளையொட்டி 1939இல் திருப்பி அனுப்பினார். அவர் செய்த வேலையை நாம் செய்வதில் என்ன குறை?

சரக்கை அறிதல்

எந்தச் சரக்கானாலும் தரம் பார்த்து வாங்குவது நம் தொழில். தோலில் இரண்டு வகை தெரிந்தால் போதும்.

ஒன்று, மரப்பட்டையால் பதனிட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூப் பறிக்கிறோமே, அந்த ஆவாரஞ்செடியின் பட்டைதான் நம் நாட்டில் தோல் பதனிடப் பேர்பெற்றது. நாட்டு மருந்துக் கடைச் சரக்கான கடுக்காயும் இதில் சேரும். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளில் இவ்வாறு பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் கடல் கடந்து போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

மற்றொன்று, குரோம் உப்பால் பதனிட்டது. பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும் வேலை இதில் விரைவில் முடியும். சென்னை மாகாணத்தில் இதைச் சோதித்துப் பரப்பியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1900களின் தொடக்கத்தில் அவர் இதைக் கையில் எடுத்ததற்கு ஒரு காரணம், கவலைக்கு நீரில் ஊறியும் கெடாத தோல் பை வேண்டும் என்பதே. பிறகு 1948இல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

புதிதாகத் தொடங்குவோர் பட்டைத் தோலையே வாங்குங்கள். நனைத்தால் வடிவத்துக்கு வளையும். பூ வேலை பதியும். ஓரம் தேய்த்தால் பளபளக்கும். குரோம் தோல் மென்மையானது, ஆனால் இவை மூன்றும் அதில் சரியாக வாரா. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோம். முழுதும் பழுப்பாக இருந்து, ஒரு சொட்டு நீரை உடனே உறிஞ்சிக் கறுத்தால் பட்டைத் தோல்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும். முதுகுப் பாகம் இறுக்கமானது, வயிற்றுப் பாகம் இழுபடும். முதல் வேலைக்கு முதுகுப் பாகத்தில் 1½ மி.மீ. கனமுள்ள துண்டு போதும். சென்னை பெரியமேட்டில் சில்லறையாகவும் கிடைக்கும்.

கருவிகள்

எல்லாம் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கூரிய கத்தி, இரும்பு ஸ்கேல், குத்தூசி, முனை மழுங்கிய தையல் ஊசி இரண்டு, கவராயம், உப்புத்தாள், தேன்மெழுகு, கனமான பாலியஸ்டர் நூல், தோலுக்கான பசை. ஓரம் தேய்க்க நம் ஊரில் கிலோக் கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணியைவிடச் சிறந்தது இல்லை.

முதல் வேலை: பணப்பை

500 ரூபாய்த் தாள் 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். ஆகவே 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்தில் தோல் வெட்டுங்கள். கீழிருந்து 9 செ.மீ. மேலே மடித்தால் பை. மீதி 6 செ.மீ. மூடி.

இங்கே ஒரு கணக்கு. ஒரு சதுர அடி என்பது 929 சதுர செ.மீ. இந்தப் பைக்கு 432 தான். காகிதக் கணக்கில் இரண்டு பை வரும். வைத்துப் பார்த்தால் ஒன்றுதான் வரும். மீதித் துண்டில் சாவிக் கொத்துப் பட்டை செய்யலாம். சேதாரம் பார்க்காமல் அடக்கவிலை போடக் கூடாது என்பது தோலுக்கும் பொருந்தும்.

1. ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மூன்று நான்கு முறை மெல்ல இழுத்து வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் கத்தி விரலுக்கு வரும்.

2. மடிப்பு விழும் இடத்தை நனைத்து மடியுங்கள். காய்ந்தபின் இரு ஓரங்களையும் மெல்லிய பசையால் ஒட்டுங்கள். பசை வாடை தலைசுற்றும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

3. ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே கவராயத்தால் கோடு இழுத்து, 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள்.

4. பலகை மேல் வைத்துக் குத்தூசியால் துளையிடுங்கள். மடியில் வைத்துக் குத்தவே கூடாது.

5. தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூலும், ஊசி கோக்கச் சற்று அதிகமும் எடுங்கள். 9 செ.மீ. தையலுக்கு 60 செ.மீ. போதும். மெழுகில் இழுத்து இரு முனையிலும் ஊசி கோருங்கள். முதல் துளையில் நூலைச் சரிபாதியாக நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் இடது ஊசி முதலில், வலது ஊசி அடுத்து, எதிரெதிராகப் போகட்டும். இரண்டையும் ஒரே பலத்தில் இழுங்கள். மிஷின் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசையே பிரியக்கூடும். இதில் ஓர் இழை அறுந்தாலும் மற்றது தாங்கும்.

6. முடிவில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, நூலை வெட்டி நுனியைச் சுட்டு அழுத்துங்கள்.

7. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, லேசாக நனைத்து, துணியால் சூடேறத் தேய்த்து மெழுகு பூசுங்கள்.

நாம் கற்ற இடம்

நம் முதல் பை பத்தே நாளில் ஓரத்தில் கிழிந்தது. காரணம் புரியவில்லை. பஸ் நிலையம் அருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் எடுத்துப் போனோம். முன்பு அதே மனிதரிடம் ஐந்து ரூபாய்க்காகப் பேரம் பேசியவர்கள்தான் நாம். அவர் சாக்கை உதறிப் போட்டு, நாம் அதில் உட்கார்ந்ததும் தடுமாறி எழுந்துவிட்டார். அவரைக் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

பையைத் திருப்பிப் பார்த்தவர், "ஏனுங்க முதலாளி, இவ்வளவு ஓரத்துல ஓட்டை போட்டா, தோலு கிழியாம என்னங்க பண்ணும்?" என்றார். நாம் 2 மி.மீ.யில் துளையிட்டிருந்தோம். அதன்பின் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். பணம் கொடுத்தபோது, "படிச்சுக் கொடுக்கறதுக்குக் காசா?" என்று மறுத்தார். மேலே எழுதிய 4 மி.மீ. அவர் கொடுத்தது.

நாமே ஒரு தையல் போட்டுப் பார்த்தபிறகுதான் அந்த ஐந்து ரூபாயின் விலை தெரிந்தது. இப்போது அவரிடம் பேரம் பேசுவதில்லை.

பாதுகாப்பு

மழைக்காலத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காற்றாட வையுங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். கடையில் உப்பு மூட்டைப் பக்கம் வைக்க வேண்டாம்.

முதல் பையை விற்க நினைக்காதீர்கள். அதைக் கல்லாவில் வையுங்கள். தையல் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது பையில் அது நேராகும். சந்தேகம் வந்தால் உங்கள் ஊரில் செருப்புத் தைப்பவரிடம் போங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.