பழைய மடிக்கணினியில் விளையாட ஏற்ற லினக்ஸ்

பழைய மடிக்கணினிக்கு, டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் வழங்கலைத் தேர்பவர், வழங்கலின் பெயரைத் தேடும் முன், செயலி 64 பிட் வகையா, 32 பிட் வகையா என்பதையும், ராம் எனப்படும் தற்காலிக நினைவகம் எத்தனை ஜி.பி. என்பதையும் அறிந்துகொள்வது நலம். 64 பிட் செயலியும் 4 ஜி.பி. நினைவகமும் இருப்பின், சன்னல்களையும் பட்டியல்களையும் காட்டும் திரைச்சூழலாக எளிய எக்ஸ்.எஃப்.சி.ஈ.யைக் கொண்ட லினக்ஸ் மின்ட் போதுமானது, 2 ஜி.பி. எனில் லுபுன்டுவும், 32 பிட் செயலி எனில் ஆன்டிஎக்ஸும் பொருந்தும்.

ஆனால் விளையாட்டைப் பொறுத்தவரை, வழங்கலைவிட வரைகலைச் சில்லே முடிவு செய்கிறது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடச் செய்யும் புரோட்டான், சில்லுடன் பேசுவதற்கு வல்கன் என்னும் இடைமுகத்தையே பெரிதும் நம்பியிருப்பதால், 2011இல் வந்த இன்டெல் எச்.டி. 3000 போன்ற, வல்கன் அறியாத சில்லுகளில் ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடையின் புதிய விளையாட்டுகளை எதிர்பார்ப்பது வீண். வெஸ்நாத், ஓப்பன்டிடிடி போன்ற விளையாட்டுகள் அந்தச் சில்லுகளிலும் ஓடும். டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருள் உண்டு.

நிறுவும் முன், வன்தட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே இயங்கும் லைவ் முறையில் வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பழைய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளவும்.