தாளமே தொழிலாக: டிரம்ஸ் சிவமணி

விநாயகர் சதுர்த்தி வந்துவிட்டால் சாகண் முதல் புனே நகரம் வரை டோல்-தாஷா முழக்கம்தான். ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டுவார்கள். அவர்களில் யாராவது ஒருவர், "அப்பா, எனக்கு டிரம்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று கேட்டால், நாம் உடனே திருப்பிக் கேட்பது, "அது சோறு போடுமா?" என்பதுதான். தவறான கேள்வி அல்ல. அதற்குப் பதில் தேட, நம் சென்னைக்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

முதலில் டிரம் செட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். பழைய ராணுவ பேண்டுகளில் பெரிய முரசை ஒருவர், சிறிய ஸ்னேர் முரசை ஒருவர், சிம்பல் எனும் தாளத் தட்டுகளை இன்னொருவர் என மூவர் வாசித்தார்கள். அமெரிக்க நாடக அரங்குகளில் இடமும் குறைவு, கொடுக்கப்பட்ட கூலியும் குறைவு. ஆகவே மூவர் வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது. காலால் மிதித்துப் பெரிய முரசை அடிக்கும் பெடலுக்கு 1909இல் லுட்விக் என்பவர் காப்புரிமை பெற்ற பிறகு இது சுலபமாயிற்று. ஆள் குறைப்பில் பிறந்த வாத்தியம் என்றுகூடச் சொல்லலாம்! நம் ஊர்வலத்தோடு ஒப்பிட்டால், டோல் செய்யும் வேலையை வலது காலின் கிக் டிரம்மும், தாஷா செய்யும் வேலையை இடது கையின் ஸ்னேரும் செய்கின்றன.

ஆனந்தன் சிவமணி 1959இல் சென்னையில் பிறந்தார். தந்தை எஸ். எம். ஆனந்தன் திரையிசையில் தாள வாத்தியக் கலைஞர். 7 வயதில் வாசிக்கத் தொடங்கிய மகன் 11 வயதிலேயே தொழிலுக்கு வந்துவிட்டார். எஸ். பி. பாலசுப்ரமணியம் தம் மேடைக் கச்சேரிகளில் அவரை வாசிக்க வைத்து வளர்த்துவிட்டார். சென்னையின் நோயல் கிராண்ட், அமெரிக்காவின் பில்லி கோபம் ஆகிய இருவரையும் சிவமணி தம் முன்னோடிகளாகக் கருதுகிறார்.

அக்காலத்து ஒலிப்பதிவுக்கூடத்தைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். வயலின்கள், புல்லாங்குழல், தபேலா, கிட்டார், பாடகர் என எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் தவறினாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கால்ஷீட் கணக்கில் சம்பளம். காலையில் கிராமியப் பாட்டு என்றால் மாலையில் கிளப் நடனப் பாட்டாக இருக்கலாம். தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிய வேண்டும். ஆனால் கேசட் அட்டையில் பெரும்பாலும் இவர்கள் பெயர் இருக்காது. நாம் பாட்டைக் கேட்டுத் தாளம் போட்டோம். தாளம் போட்டவர் யார் என்று கேட்டதில்லை.

பிறகு ரிதம் மெஷினும் கணினியும் வந்தன. ஒரே மாதிரி அடியை அலுக்காமல் அடிக்கும் யந்திரம் இருக்கும்போது ஆள் எதற்கு? வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை குறைந்தது. இந்த இடத்தில்தான் சிவமணியின் கதை பாடமாகிறது. ஏ. ஆர். ரஹ்மான், ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோரோடு 'ரூட்ஸ்' என்ற குழுவில் வாசித்தவர் அவர். அந்த நண்பர் கணினியோடு திரையிசைக்கு வந்தபோது, யந்திரத்தால் தர முடியாததை இவர் தந்தார். டிரம்ஸோடு கடம், கஞ்சிரா, சங்கு, மணி, தண்ணீர் நிறைந்த பாத்திரம், ஏன், பிரயாணப் பெட்டிகூட அவர் கையில் வாத்தியமாயிற்று. இதைச் சிலர் வித்தை காட்டுதல் என்பர். சில மேடைகளில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் அந்தப் பெட்டியிலும் லயம் ஒரு இழை பிசகாது.

1990இல் மும்பை ரங்பவனில், காலஞ்சென்ற ஜாகிர் உசேனுடன் மேடையேறியது பெரிய திருப்பம். 2000 டிசம்பரில் ஜான் மெக்லாலின், ஜாகிர் உசேன் ஆகியோரின் 'ரிமெம்பர் சக்தி' குழு மும்பையில் பதிவு செய்த கச்சேரியிலும் இவர் வாசித்தார். இளமையில் இவர் வியந்த பில்லி கோபம், அதே மெக்லாலினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவர். இந்த ஒன்றே போதாதா! 2008இல் ஐ.பி.எல். தொடங்கியதும் சேப்பாக்கம் மைதானத்தில் இவர் முழக்கத்தைக் கேட்டோம். 2014இல் 'அரிமா நம்பி' படத்துக்கு இசையமைத்தார். 2019இல் பத்மஸ்ரீ.

"சோறு போடுமா?" என்ற கேள்விக்கு வருவோம். சிவமணி ஒருவர். அவர் தலைமுறையில் அதே கூடங்களில் வாசித்துப் பெயர் தெரியாமல் போனவர் பலர். இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. பாட்டு, பாடம், பல வாத்தியம், எழுத்துக் குறிப்பு எல்லாம் தெரிந்தால்தான் இத்தொழிலில் நிற்க முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கற்பதைத் தடுக்க வேண்டியதில்லை.

தொடங்க டிரம் செட்டும் வேண்டாம், மேஜை போதும். வாயால் 'த க தி மி த க ஜ ணு' என்று ஒரே சீராகச் சொல்லுங்கள். மொத்தம் 8 எழுத்து. வலது கை எட்டுக்கும் மேஜையைத் தட்டட்டும். இது ஹை-ஹாட் சிம்பலின் வேலை. வலது கால் 1, 5 ஆகியவற்றில் தரையை மிதிக்கட்டும். இடது கை 3, 7 ஆகியவற்றில் தட்டட்டும். உலகம் முழுதும் ராக் இசையின் அடிப்படை அடி இதுதான்.

இது கைவந்தபின் 'தகிட தகதிமி' என்று 7 எழுத்துக்கு மாறுங்கள். மிஸ்ர சாபு! கால் 1, 4 ஆகியவற்றில் விழ வேண்டும். மேற்கத்திய முறையில் மட்டும் பழகியவர்கள் திணறும் இடம் இது. பாட்டு வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு எளிதாக வரும். தினம் 15 நிமிடம் போதும். இரவு பத்து மணிக்கு மேல் மேஜைக்குப் பதில் பழைய ரப்பர் மிதியடியைத் தட்டச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக்காரர் முதல் ஷிப்டுக்குப் போகிறவராக இருக்கலாம்.