கார் கிளெய்மை வாபஸ் வாங்கப் போகிறீர்களா? மெயில் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்து பின்பக்க பம்பர் உடைந்துவிட்டது. பதற்றத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு கிளெய்ம் நம்பரும் வாங்கிவிட்டீர்கள். மறுநாள் ஆபீஸில் ஒருவர், "இதுக்குப் போய் கிளெய்மா? போனஸ் போயிடும், வாபஸ் வாங்கிடுங்க" என்கிறார்.

பல நேரங்களில் அவர் சொல்வது சரிதான். நம் நாட்டில் கிளெய்ம் தொகை கொடுபடுவதற்கு முன் நீங்களே வாபஸ் வாங்கிவிட்டால், பொதுவாக நோ கிளெய்ம் போனஸ் கைவிட்டுப் போகாது. ஆனால் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறந்தவர்கள் ரெனியூவல் நேரத்தில் போனஸ் பூஜ்யமாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டு வாபஸ் வாங்கிவிட்டு, பிறகு தெரியவந்த உடைசலுக்குக் கைக்காசைக் கொட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

செய்ய வேண்டியவை

1. முதலில் பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்கள். வாபஸா வேண்டாமா என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

பம்பர் 5,000 ரூபாய், பெயின்ட் வேலை 3,000, கூலி 1,000, ஆக மொத்தம் 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) எடுக்கவில்லை என்றால் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பெயின்ட்டிலும் கொஞ்சம் கழியும். அதற்கு மேல், 1,500 சிசி வரையுள்ள கார் என்றால் 1,000 ரூபாய், பெரிய இன்ஜின் என்றால் 2,000 ரூபாய் எப்படியும் உங்கள் பங்கு. சின்ன கார் என்றால் கடைசியில் கைக்கு வருவது 5,000 சொச்சம்.

இப்போது மறுபக்கம். போனஸ் என்பது ஓன் டேமேஜ் (உங்கள் சொந்த வண்டியின் சேதம்) பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50. உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய், அடுத்த ரெனியூவலில் 50 சதவீதம் கிடைக்க வேண்டியவர் நீங்கள் என்றால், இந்த ஒரு கிளெய்மால் அது பூஜ்யமாகிவிடும். அந்த ரெனியூவலில் 5,000 போகிறது. மறுபடி 20-லிருந்து ஏறி வருவதற்குள் 3,000, 2,500, 1,500, 500 என்று அடுத்தடுத்த வருடங்களிலும் போகும். கூட்டினால் 12,500. கார் பழசாக ஆக பிரீமியம் இறங்கும் என்பதால் இது கொஞ்சம் குறையலாம். மேலே ஜிஎஸ்டி ஏறும். ஐயாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம் கொடுப்பதா என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் பில் நாற்பதாயிரம் வந்தவருக்குக் கணக்கு தலைகீழாக வரும். அவர் தாராளமாக கிளெய்ம் போடலாம்.

2. பாலிசியில் என்னென்ன ஆட்-ஆன் இருக்கிறது என்று பாருங்கள். "என்சிபி புரொடெக்ட்" (நோ கிளெய்ம் போனஸ் பாதுகாப்பு) எடுத்திருந்தால் ஒரு கிளெய்ம் போட்டாலும் போனஸ் போகாமல் இருக்கக்கூடும். வாபஸ் வாங்க வேண்டிய அவசியமே இருக்காது. ஜீரோ டெப் இருந்தால் அதில் வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் என்ற வரம்பையும் பாருங்கள்.

3. முன்பக்கம் இடித்திருந்தால், பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். வெளியே ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அடி வாங்கியிருக்கும். எட்டாயிரம் என்று ஆரம்பித்த எஸ்டிமேட் கழற்றியதும் பல மடங்காவது ஒர்க்‌ஷாப்பில் சகஜம்.

4. எழுத்தில் வாபஸ் வாங்குங்கள். கம்பெனியில் நீங்கள் பதிவு செய்திருக்கும் மெயிலிலிருந்தே அனுப்புங்கள். கிளெய்ம் நம்பர், பாலிசி நம்பர், வண்டி நம்பர், விபத்து நடந்த தேதி நான்கும் இருக்கட்டும். "இந்த ஓன் டேமேஜ் கிளெய்மை நானாக வாபஸ் பெறுகிறேன்; இதற்காக எந்தத் தொகையும் பெறவில்லை" என்று இரண்டு வரி போதும். கதை எழுத வேண்டாம்.

5. பதில் மெயில் கேட்டு வாங்குங்கள். "தொகை எதுவும் வழங்காமல் கிளெய்ம் முடிக்கப்பட்டது" என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். சிஸ்டத்தில் கிளெய்ம் திறந்தே கிடந்தால், ரெனியூவலில் போனஸைத் தானாகவே பூஜ்யமாக்கிவிடும். அந்த நேரத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது இந்த மெயில் ஒன்றுதான்.

6. கேஷ்லெஸ் என்றால் இன்றே வேகமாகச் செயல்படுங்கள். கம்பெனி பணத்தை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினாலும் அது உங்கள் கணக்கில் ஏறும் கிளெய்ம்தான். வேலை ஆரம்பித்துவிட்டால், "நிறுத்துங்கள்" என்று சர்வீஸ் அட்வைசரிடமும் எழுத்தில் சொல்லுங்கள்.

7. ஒர்க்‌ஷாப்பில் என்ன கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பாகங்களைக் கழற்றிய கூலி, எஸ்டிமேட் சார்ஜ், வண்டி நின்ற நாட்களுக்கான வாடகை என்று வரலாம்.

8. சொந்தச் செலவில் ரிப்பேர் செய்தாலும் பில்லையும், வேலை முடிந்த வண்டியின் போட்டோக்களையும் பத்திரப்படுத்துங்கள். சேதத்தின் படங்கள் கம்பெனியிடம் இருக்கும். அடுத்த விபத்தில் அதே இடம் அடிபட்டால், "இது பழைய அடி" என்று கழித்துவிடாமல் காப்பது அந்த பில்தான்.

செய்யக்கூடாதவை

1. யாருக்காவது அடிபட்டிருந்தால், விபத்துத் தகவலை வாபஸ் வாங்கவே வாங்காதீர்கள்.

இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து அழுத்தமாக மனதில் வையுங்கள். நீங்கள் வாபஸ் வாங்க முடிவது உங்கள் காரின் சேதத்துக்கான கிளெய்மை மட்டும்தான். அடிபட்டவரின் உரிமையை வாபஸ் வாங்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. பைக்கில் வந்தவர் அன்றைக்கு எழுந்து, "பரவாயில்லை சார், நீங்க போங்க" என்று சொல்லியிருப்பார். வீட்டுக்குப் போன பிறகுதான் முட்டி வீங்கும், ஸ்கேனில் எலும்பு முறிவு தெரியும். மாதங்கள் கழித்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வரும். அப்போது கம்பெனியில் தகவலே இல்லை என்றால் சிக்கல் உங்களுக்குத்தான். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. அவ்வளவு பெரிய பாதுகாப்பை பம்பர் போனஸுக்காகப் பணயம் வைக்காதீர்கள். விபத்து விவரத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர் மேல் சுமத்தும் கடமையும்கூட. எனவே வாபஸ் மெயிலில், "என் வண்டியின் சேதத்துக்கான கிளெய்ம் மட்டும்; விபத்து குறித்த தகவல் பதிவில் இருக்கட்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று: போனஸ் ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டுமே உரியது. தேர்டு பார்ட்டி கேஸ் வந்தால் போனஸ் போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள்.

2. கம்பெனியைக் கேட்காமல், "தப்பு என்னுடையதுதான், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்பதோ பணம் தர வாக்களிப்பதோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது வேறு. அதை உடனே செய்யுங்கள்.

3. "எப்படியும் ரிஜெக்ட் ஆகும், நீங்களே வாபஸ் வாங்கிடுங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாபஸ் வாங்கினால் அது உங்கள் முடிவாகிவிடும்; பிறகு முறையிடுவது கடினம். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு கடிதம் தரச் சொல்லுங்கள். அதை வைத்து முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 155255 எண்ணிலும் புகார் சொல்லலாம்.

4. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு, "ஸ்டார்ட் ஆகிவிட்டதே" என்று வாபஸ் வாங்காதீர்கள். வயரிங்கிலும் சென்சாரிலும் போன தண்ணீர் சில வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வண்டி வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

5. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாபஸ் கடிதமும் பணம் பெற்றுக்கொண்டதற்கான வவுச்சரும் வேறு வேறு. வவுச்சரில் கையெழுத்திட்டால் கிளெய்ம் வாங்கியதாக ஆகிவிடும்.

6. வாபஸ் வாங்கிய சேதத்தை அடுத்த விபத்தோடு சேர்த்துக் காட்டாதீர்கள். பழைய படங்களோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். நியாயமான கிளெய்மும் அதோடு போகும்.

7. ஓட்டியவர் பெயரையோ நேரத்தையோ மாற்றி மறுபடி பதிவு செய்வதற்காக வாபஸ் வாங்காதீர்கள். முதல் போனில் நீங்கள் சொன்னது பதிவில் இருக்கிறது.

8. பணம் வாங்கியிருந்தால், கம்பெனி மாறும்போது "கிளெய்ம் இல்லை" என்று டிக் செய்யாதீர்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும். பொய் என்று தெரிந்தால், அந்தப் பாலிசியில் உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கிடைக்க வேண்டிய பலன் முழுவதும் பறிபோகும். உண்மையாகவே வாபஸ் வாங்கியவர் பயப்பட வேண்டாம். முடித்து வைத்த மெயிலை ரெனியூவல் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

9. போனஸைக் காப்பாற்றிவிட்டோம் என்று ரெனியூவல் தேதியைக் கோட்டை விடாதீர்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் எந்தக் கிளெய்மும் போடாதவருக்கும் போனஸ் போய்விடும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கொட்டேஷன் வாங்கி, போனஸ் சதவீதம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பூஜ்யம் என்று இருந்தால் கட்டாமல் நிறுத்தி, கிளெய்ம் முடிக்கப்பட்ட மெயிலை அனுப்பி, திருத்திய கொட்டேஷன் கேளுங்கள்.