கண்டுங்காணாதவர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பிடிக்காத உண்மையைக் கண்ணெதிரே வைத்தாலும் பார்க்க மறுப்பவர்களுக்கு அபூர்வமான சொல் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். 'கண்டுங்காணாதவர்' என்று நாம் புழங்குவதே போதும். விவரம் தெரியாதவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கண்டுங்காணாதவர்களுக்கோ எல்லாம் தெரியும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பள்ளிபாளையத்துக்காரர், தறிப்பட்டறையின் கணக்கு உங்களுக்கு அத்துப்படி. முதலாளியிடம் முன்பணம், அதை அடைக்க வட்டிக்கடன், வட்டிக்குக் குழுக்கடன். தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும் சமயம் பார்த்துத்தான் கிட்னி புரோக்கரும் வருகிறார். ஊரில் இது பல வருடப் பேச்சு. ஆனாலும் 2025 ஜூலையில் கிட்னி விற்பனைச் செய்தி வெடித்தபோது எத்தனை பேர் புதிதாகக் கேட்பதுபோல் திகைத்தார்கள்! ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க வேண்டியிருந்தது.

உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. நெருங்கிய உறவல்லாதவர் சிறுநீரகம் தர அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அன்பினால் தருவதாகத் தாளில் எழுதியிருக்க வேண்டும். தறி ஓட்டும் பெண்ணுக்கு, எங்கோ இருக்கும் பணக்காரர் மேல் திடீரென்று அன்பு எப்படி வந்தது? உங்களுக்கு எவ்வளவு கடன், யார் கூட்டிவந்தார்கள் என்று கேட்டாலே குட்டு உடைந்துவிடும். தாள் சரியாக இருக்கிறதே என்று கையெழுத்திடுவது எவ்வளவு வசதி!

விற்றால் கடனாவது தீருமே என்பவர்களுக்கும் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்த ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியானது. 96 சதவீதத்தினர் கடனுக்காக விற்றவர்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடன்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதத்தினர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்று தார் மாற்றி, பாவு பீமைத் தூக்க வேண்டிய உடம்பு அது.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. சிறுநீரகத்துக்குப் பணம் வாங்கியவரும் அந்த 1994 சட்டப்படி குற்றவாளி. அதனால்தான் விலாத் தழும்பைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, ஏமாற்றப்பட்டதையும் சொல்ல முடியாமல் கிடக்கிறார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், என்ன ஏது என்று குடையாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்