திரை விளையாட்டுகள்: அன்றைய ஆக்கமும் இன்றைய ஆக்கமும்

சித்தூர் மாவட்டத்தில் முன்பு அடங்கியிருந்து, 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில், 2015-ஆம் ஆண்டிலேயே கைப்பேசிகளைப் பொருத்தும் வேலை தொடங்கியது. இவ்வட்டாரத்துச் சிறுவர்கள் கைப்பேசித் திரையில் விளையாடுவதை எங்கும் காணலாம். கருவி உருவாகும் இடம் அவர்களுக்கு அருகிலேயே உள்ளது. ஆயினும், திரையில் தோன்றும் விளையாட்டு எவ்வாறு ஆக்கப்படுகிறது என்று வினவினால் விடை கூறக்கூடியவர் சிலரே. பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டு நோக்கினால் இதனை எளிதில் விளக்கலாம்.

மின்சுற்றே விளையாட்டு

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை அமைத்தவர் ஆலன் ஆல்கார்ன் என்னும் பொறியாளர். அதில் நுண்செயலியும் இல்லை, கட்டளைகளின் தொடராகிய நிரலும் இல்லை. பந்தின் ஓட்டம், மட்டையில் பட்டுத் திரும்புதல், புள்ளிக் கணக்கு ஆகிய யாவும் மின்சுற்றுகளின் இணைப்பாலேயே நிகழ்ந்தன. விளையாட்டின் விதியை மாற்ற வேண்டுமாயின் சுற்றையே மாற்றியாக வேண்டும்.

நுண்செயலி வந்தபின் விதிகள் நிரலாக எழுதப்பட்டன. 1978-இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாதோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 55 பகை உருவங்கள் அணிவகுத்து இறங்குகின்றன. திரைப்படம் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் உருவமே நகர்த்தப்படுகிறது. எனவே 55 உருவங்களும் ஓர் அடி நகர ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். 10 உருவங்களே எஞ்சியிருப்பின் அதே அடிக்கு விநாடியில் ஆறிலொரு பங்கு போதும். பகைவர் குறையக் குறைய வேகம் கூடி, ஆடுவோரின் பரபரப்பும் மிகுகிறது. கருவியின் வேகக் குறைவே விளையாட்டின் சுவையாக மாறிவிட்டது.

நினைவகச் சிக்கனம்

பழைய ஆக்கத்தை முழுதும் ஆண்டது நினைவகப் பற்றாக்குறையாகும். 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியின் வேலை நினைவகம் 128 பைட் மட்டுமே. ஒரு முழுப் படத்தைச் சேமிக்க அதில் இடமில்லை. ஆகவே தொலைக்காட்சித் திரையில் படம் வரி வரியாக வரையப்படுகையில், அடுத்த வரிக்கு வேண்டியதை நிரல் அவ்வப்போதே கணக்கிட்டு அளித்தது.

1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 40 கிலோபைட்டில் அடங்கியது. அதன் திரை 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் உடையது. மொத்தம் 61,440 புள்ளிகள். புள்ளிக்கு 2 பிட் வீதம் சேமித்தால் ஒரு படத்திற்கே 15,360 பைட் தேவைப்படும். இதனைத் தவிர்க்க, 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகள் வரையப்பட்டன. ஓர் ஓட்டிற்கு 16 பைட்டே போதும். எந்த இடத்தில் எந்த ஓடு என்னும் பட்டியலைக் கொண்டு, அதே ஓடுகளால் பல காட்சிகள் உருவாயின. அவ்விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவமே. நிறம் மட்டும் வேறு.

இன்றைய முறை

இக்காலத்தில் 50 கிகாபைட் அளவுள்ள விளையாட்டுகள் உள்ளன. மேற்கூறிய 40 கிலோபைட்டைப் போல் இது பன்னிரண்டு லட்சம் மடங்குக்கும் அதிகம். உருவங்கள் எண்ணற்ற முக்கோணங்களால் அமைக்கப்பட்டு, ஒளியும் நிழலும் கணக்கிடப்படுகின்றன. 'என்ஜின்' எனப்படும் ஆயத்த நிரல் தொகுதி, மோதல், ஈர்ப்பு, ஒலி ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. பெரிய விளையாட்டுகளில் ஓவியர், இசைஞர், நிரலாளர், சோதிப்போர் எனப் பல நூறு பேர் பங்கு கொள்கின்றனர். அன்று பேழையில் பதிந்த பிழையைத் திருத்த வழியில்லை. இன்று வெளியீட்டுக்குப் பின்னும் திருத்தங்கள் வந்து சேர்கின்றன.

எனினும் புதிய முறை பெருங்குழுவினருக்கு மட்டுமே உரியதன்று. டொராண்டோ நகரின் சிறு குழுவாகிய விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் சமையலைப் பொருளாகக் கொண்டது. சிதைந்த சமையற் குறிப்பேட்டிலிருந்து செய்முறையை ஊகித்து, இட்லி முதலியவற்றைச் சமைப்பதே அதன் புதிர். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்குரிய பரிசை அதற்கு அளித்தது. கருவியின் நுட்பத்தை ஆயத்த நிரல்கள் ஏற்றுக்கொள்ளும் இந்நாளில், சொந்த வாழ்வை அறிந்தவர்க்கும் இத்துறையில் இடமுண்டு என்பதை இது காட்டுகிறது.

வகுப்பறைப் பயிற்சி

புதிய முறையில் கருவி மறைந்து நிற்கிறது. பழைய முறையில் அது வெளிப்படையாகத் தெரிகிறது. ஆதலின் கற்பித்தலுக்குப் பழைய முறையே ஏற்றது. இதற்குக் கணிப்பொறி வேண்டுவதில்லை. கட்டமிட்ட தாள் போதும்.

8-க்கு 8 கட்டம் வரைந்து, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என மதிப்பிடுக. நிறந்தீட்டிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அவ்வரிசைக்குரிய எண் கிடைக்கும். மேலிருந்து 24, 60, 126, 255, 255, 126, 60, 24 என்னும் எட்டு எண்களை ஒரு மாணவர் படிக்க, மற்றவர் வரையட்டும். வாசலில் இடும் கோலத்தை ஒத்த சாய்சதுரம் தோன்றும்.

இனி இவ்வுருவின் சமச்சீரைக் கவனிக்கச் செய்க. வலப்பாதி இடப்பாதியின் எதிரொளியே. கீழ்ப்பாதி மேற்பாதியின் எதிரொளியே. ஆகவே இடப்பக்க நான்கு கட்டங்களுக்கு 8, 4, 2, 1 என மதிப்பிட்டால், 1, 3, 7, 15 என்னும் நான்கு எண்களே போதும். 64 பிட் தேவைப்பட்ட உருவம் 16 பிட்டில் அடங்கிவிட்டது. பழைய ஆக்குவோர் கையாண்ட சிக்கனம் இதுவே. புள்ளிக்கோலம் இடும் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கத்தைக் கொண்டு மறுபக்கத்தை நிரப்புவதும் இவ்விதியைப் பின்பற்றியே.

இப்பயிற்சியைச் செய்த மாணவர், விளையாட்டு என்பது எண்ணாலும் விதியாலும் மனிதர் ஆக்கும் பொருள் என்பதைத் தம் கையாலேயே அறிவர். ஸ்ரீசிட்டியில் 2013-இல் தகவல் தொழில்நுட்பக் கல்விக் கழகமும், திருப்பதியில் 2015-இல் ஐ.ஐ.டி.யும் தொடங்கப்பட்டுள்ளன. கைப்பேசியில் ஆடுவதோடு நின்றுவிடாமல், ஆக்கும் நிலைக்கு உயர விரும்பும் கிராமத்துச் சிறுவருக்கு முதற்படியை அமைத்துக் கொடுப்பது ஆசிரியரின் கையில் உள்ளது. அப்படிக்கு ஒரு கட்டத்தாளும் ஒரு பென்சிலுமே முதல்.