இரவு மூன்று மணி

உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டை எண்ணிப் பாருங்கள். இரவு மூன்று மணி. தூங்கும் மகனின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைக்கிறார் அம்மா. சர்க்கரையின் அளவு நான்கு மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், அவனை எழுப்பிப் பழச்சாறு கொடுக்க வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் வீட்டில் இது வழக்கமான இரவுதான்.

நீரிழிவு என்றதும் நமக்குத் தாத்தாவின் மாத்திரைப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகை அப்படியன்று. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதன்று. "மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துவிட்டாய்" என்று உறவினர் சொல்லும் சொல் ஊசியைவிட ஆழமாகக் குத்தும். 1922ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன், இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை.

இன்று, கையில் ஒட்டிக்கொள்ளும் சிறிய உணர்கருவி கிடைக்கிறது. அதன் மெல்லிய இழை, தோலுக்கு அடியிலுள்ள திரவத்தில் சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து திறன்பேசிக்கு அனுப்பும். அளவு குறைந்தால் ஒலியெழுப்பும்.

அம்மா உடனே வாங்கலாம் என்றார். அப்பா தயங்கினார். "இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டுமாம். செலவு ஒருபக்கம் இருக்கட்டும். கையில் இதென்ன என்று பிள்ளைகள் கேட்டால் அவன் என்ன சொல்வான்?" அப்பாவின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. கருவி காட்டும் எண், இரத்தத்தின் நிலையைவிடச் சில நிமிடங்கள் பிந்தியும் இருக்கலாம். எண்ணும் உடல்நிலையும் ஒத்துப்போகாதபோது மறுபடியும் விரலில் குத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியில் கருவி வந்தது. சிக்கலும் வந்தது, ஆனால் அப்பா அஞ்சிய இடத்திலிருந்து அன்று. பள்ளி உணவகத்தில் மகன் நாசி லெமாக் சாப்பிட்ட சிறிது நேரத்தில் அம்மாவிடமிருந்து குறுஞ்செய்தி: "பதினான்கு காட்டுகிறது. என்ன சாப்பிட்டாய்? ஊசி போட்டாயா?" காற்பந்துப் பயிற்சியின்போது இன்னொன்று.

அன்று மாலை அவன் சொன்னான்: "அம்மா, முன்பு விரலில்தான் வலித்தது."

அம்மாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பார்க்க முடிகிறபோது பார்க்காமல் இருப்பது எந்தத் தாய்க்கும் எளிதா?

மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். பள்ளி நேரத்தில் அவனே பார்த்துக்கொள்வான். பையில் எப்போதும் பழச்சாறு வைத்திருப்பான். அளவு நான்குக்குக் கீழே இறங்கி, பத்து நிமிடத்தில் அவனிடமிருந்து செய்தி வராவிட்டால் மட்டும் அம்மா அழைப்பார்.

இப்போதும் இரவு மூன்று மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தலையணைக்கு அருகிலுள்ள திறன்பேசியைப் பார்க்கிறார். ஆறு. திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.